ரொட்டிக்காரர் அம்மாவுக்கு என்ன முறை

எங்கள் தோட்டத்து மேட்டு பங்களாவுக்கு ஜப்பான்காரர்கள் இரண்டு பேர் வந்து இறங்கியபோது, லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் முதலில் பார்த்தது அவர்களுடைய இடுப்பைத்தான். கத்தி தொங்கவில்லை. லாரியிலிருந்து இறங்கியதெல்லாம் புத்தகப் பெட்டி.

"கத்தியில்லாத ஜப்பான்காரனா? அப்ப இவனுங்க என்னத்தத்தான் வெட்டுவானுங்க?" என்று கங்காணி கேட்டார்.

மலாயாவில், சிரம்பானை அடுத்த லாபுப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்வெட்டு பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மரத்துக்கு மரம் நடுவே மரவள்ளி ஊன்றி அதைத் தின்று நாளைக் கழித்துக்கொண்டிருந்தோம். வந்த இருவரும் ஜப்பானில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில், தெற்கு நாடுகளின் மொழிகளையும் பண்பாட்டையும் படிக்கிற துறையில் ஆசிரியர்கள். ஒரே துறை, ஒரே தாழ்வாரம், அடுத்தடுத்த அறை. தமிழ்ச் சனங்களை ஆராய்ந்து எழுதுங்கள் என்று பட்டாளம் இருவரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. தோட்டத்தில் மேனேஜர் பெரிய துரை, உதவி மேனேஜர் சின்ன துரை என்பதுதான் வழக்கம். அதே கணக்கில் இவர்கள் பெரிய வாத்தியார், சின்ன வாத்தியார் ஆனார்கள்.

பெரிய வாத்தியாரின் ஆராய்ச்சி, தோட்டத்தில் யார் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பது. சின்ன வாத்தியாரின் ஆராய்ச்சி பாட்டு. தாலாட்டு, நலுங்கு, பால்வெட்டுப் பாட்டு, எல்லாம் அவருக்கு வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பென்சிலைப் பிடித்த முதல் கை என்னுடையது. சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆகிவிடலாம் என்று அப்பாவும் நானும் நம்பியிருந்த நேரத்தில் சண்டை வந்தது. பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, வரிசையில் நின்ற ஆண்களில் வலுவானவர்களாகப் பார்த்துத் தனியே நிறுத்தி லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட. அப்பாவும் அந்த லாரியில் போனார். நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன், அதனால் தப்பினேன். அடுத்த லாரிக்கு என் பெயர் இருக்கும் என்று வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். அதற்குள் பெரிய வாத்தியாருக்கு இங்கிலீஷும் தமிழும் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான். கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டை கையில் இருக்கும்வரை யாரும் என்னை லாரியில் ஏற்ற முடியாது. அம்மா அதைத் தினமும் துவைத்துத் தருவாள். சோப்பு கிடையாது, சாம்பல்தான்.

சின்ன வாத்தியாருக்கும் ஒருவன் தேவைப்பட்டான். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் சிரம்பான் டவுனை ஒட்டிய ரஹாங்கிலிருந்து வந்தான். எங்கள் தோட்டத்துக்கு சைக்கிளில் ரொட்டி கொண்டுவரும் தமிழ் முஸ்லிம் ஒருவர் இருந்தார், அவருடைய மகன். பத்தாவதற்கும் மேலே படித்தவன். மலாய் அவனுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. குரல் வேறு இருந்தது. நாங்களெல்லாம் சாக்கைக் கத்தரித்துக் கால்சட்டை தைத்துப் போட்டிருந்தபோது, அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஒட்டுத் துணிகூட வெள்ளையாக இருந்தது. சைக்கிள் டயருக்குக் காற்றில்லை, தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றியிருந்தான். எங்களில் யாராவது அப்படி ஓட்டினால் எலும்பு கழன்றுவிடும். அவன் ஓட்டினால் அதுதான் சைக்கிள் என்று தோன்றும்.

நான் லயத்தில் ஒரு வாசலில் போய் உட்கார்ந்து, "அவரு ஒங்களுக்கு என்ன மொற வேணும்?" என்று கேட்டால், "எதுக்குக் கேக்குறானுங்க? வரியா போடப்போறானுங்க?" என்று பதில் வரும். அவன் போனால் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார்கள். அவன் ஒரு அடி பாடுவான், தப்பாகப் பாடுவான், வேண்டுமென்றே. "ஐயே, அப்படியில்ல தம்பி," என்று அவர்கள் சரியானதைப் பாடிக் காட்டுவார்கள். இந்தத் தந்திரம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. புரிந்த பிறகு நானும் செய்து பார்த்தேன். வேண்டுமென்றே முறையைத் தப்பாகச் சொன்னேன். கங்காணி மனைவி, "படிச்சவனுக்கு இதுகூடத் தெரியல," என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். அத்தோடு விட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. அவன் முதல்முறை எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ரொட்டிக்கார அண்ணன் மவன்தானே?" என்றாள்.

"ஆமா மாமி."

"அப்ப எனக்கு மருமவன். உள்ள வா."

அவித்த மரவள்ளி கொடுத்தாள். எனக்கு எப்போதும் உப்பு. அவனுக்குச் சீனி. எங்கள் வீட்டில் சீனி இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, எனக்கு?"

"நீ வூட்டுப் புள்ள. அவன் வந்த புள்ள," என்றாள்.

அவன் கிழங்கைச் சீனியில் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நீ எனக்கு மச்சான். சரியா? ஒன் ஆராய்ச்சியில எழுதிக்க."

அன்றிலிருந்து அவன் என்னை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. பங்களாவில், ரோட்டில், மண்டோர் முன்னால், எல்லா இடத்திலும் மச்சான்தான். மச்சான் முறைக்காரன் கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுவும் வழக்கம். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் பிறப்பதற்கு முன்னால், அம்மா வயிற்றுப் பிள்ளையோடு ரோட்டில் மயங்கி விழுந்தாளாம். அந்த வழியே வந்த ரொட்டிக்காரர் ரொட்டிக் கூடையை மரத்தடியில் வைத்துவிட்டு, அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு போனாராம். வழியெல்லாம் "பிடிச்சுக்க தங்கச்சி," என்று சொன்னாராம். அம்மா சேலம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். பிறந்த வீட்டு ஆள் இந்தச் சீமையில் ஒருவரும் கிடையாது. லயத்தில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். அம்மா மட்டும் அண்ணே என்பாள்.

பங்களாவில் இரண்டு வாத்தியார்களும் ஒரு நீள மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து எழுதுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் எழுந்து குனிந்து வணங்குவார்கள். இவர் குனிந்ததைவிட அவர் ஒரு விரல்கடை அதிகம் குனிவார். உடனே இவர் மறுபடியும் குனிவார்.

"கும்பிட்டே சண்டை போடுறவங்கள இப்பத்தான் பாக்குறேன் மச்சான்," என்று அவன் என் காதில் சொன்னான். பெரிய வாத்தியாருக்குப் பதவி முதலில் கிடைத்துவிட்டதாம். சின்னவர் எழுதியதைத்தான் மாணவர்கள் விரும்பிப் படிக்கிறார்களாம். சின்ன வாத்தியார் பாட்டைச் சீழ்க்கையடித்தபடி எழுதும்போது பெரிய வாத்தியாரின் பேனா நின்றுவிடும். ஒருநாள் அவர் என்னிடம், புத்தகத்திலிருந்து எடுத்ததுபோன்ற அவருடைய இங்கிலீஷில், "அவருக்கு இவர்கள் பாடுகிறார்கள். எனக்கு இவர்கள் பதில் மட்டும் சொல்கிறார்கள்," என்றார். எனக்கு அவர்மேல் அன்றுதான் பாசம் வந்தது. நான் தனியாக இல்லை.

பிறகு சிரம்பானிலிருந்து ஆணை வந்தது. இரண்டு ஆராய்ச்சிக்கு இனி அரிசியும் காகிதமும் கிடையாது, ஒன்றுக்குத்தான். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். எந்த வேலை முழுமையாக முடியும் நிலையில் இருக்கிறதோ அது தொடரும். மற்ற வாத்தியார் பட்டாளத்தோடு பர்மா பக்கம் போகவேண்டும். அவருடைய உதவியாள் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அவனும் நானும் அதைச் சேர்ந்தே கேட்டோம். அவன் தன் கைப்பட்டையைப் பார்த்தான், பிறகு என்னுடையதைப் பார்த்தான்.

"ஒன்னோடது நல்லா வெளுத்திருக்கு. மாமி தொவைச்சதா?" என்றான்.

சின்ன வாத்தியாரின் பாட்டுகளில் ஒரு வகைதான் பாக்கி. ஒப்பாரி. எங்கள் உறவுமுறைப் படத்திலோ பாக்கி நிறைய. நான் லயம் லயமாகக் கேட்டு வந்ததைப் பெரிய வாத்தியார் அகலமான தாள்களில் கோடு கோடாக இழுத்தார். அண்ணன் தம்பிக்கு ஒரு கோடு, புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு கோடு, மாமன் மச்சானுக்கு ஒரு கோடு. கோடுகள் போய் ஒன்றையொன்று கடித்தன. சேலம், திருச்சி, வட ஆர்க்காடு என்று ஊரூராகப் பிரித்து, கங்காணிமார் அழைத்துவந்த சனங்கள் நாங்கள். உறவு என்று யாரும் இல்லாததால் இங்கே வந்து உறவு வைத்துக்கொண்டோம். ஒரே கப்பலில் வந்தவர் அண்ணன். பக்கத்துக் கதவு அத்தை. ஒருவரே ஒரு வீட்டுக்கு மாமனும் அடுத்த வீட்டுக்கு மகனுமாக இருப்பார். எங்கள் படத்தின்படி கங்காணி தன் சொந்தத் தங்கையைக் கட்டியிருந்தார். கங்காணியிடம் இதைக் காட்டினால் வாத்தியார் என்றும் பார்க்கமாட்டார், அடிப்பார்.

நான் ஒரு வழி சொன்னேன். ரத்த உறவு வேறு, வாயால் கூப்பிடுவது வேறு. வாய் உறவையெல்லாம் அடித்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும். பெரிய வாத்தியார் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சரி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஏழாவது படித்த என் பேச்சைக் கேட்டிருக்கிறார். வீடு வீடாகத் திரும்பப் போய், "கூடப் பொறந்தவரா? ஒரே வயித்துலயா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். எங்கள் வீட்டுத் தாளில் ரொட்டிக்காரர் இருந்தார். அண்ணன் என்று. அவருக்குக் கீழே அவன், மருமகன் என்று. அந்த இரண்டு கோட்டையும் நான் வேறு எதையும்விட அழுத்தி அடித்தேன். அடித்த பிறகு எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான். அவ்வளவுதான். பார்க்க அழகாக இருந்தது.

அவனுக்கு ஒப்பாரி கிடைக்கவில்லை. முதல் லயத்தில் போய்க் கேட்டதற்கு விளக்குமாறு வந்தது. "எவ வூட்ல எழவு விழுந்துச்சுன்னு ஒப்பாரி கேக்குற? ஒன் வாயில மண்ணு விழ." தினமும் தாலாட்டுப் பாடிக் கொடுத்தவளே அப்படிச் சொன்னாளாம்.

"என்ன மச்சான் இது? பாட்டுதானே?" என்று என்னிடம் வந்தான். எதற்குமே வாடாத முகம் வாடியிருந்தது. எனக்கு அதைப் பார்ப்பது தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது.

"செத்த வூடு இல்லாம ஒப்பாரி வச்சா, வச்ச வூடு செத்துரும்னுவாங்க. டவுன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாது," என்றேன்.

"இப்ப லயத்துல மாசத்துக்கு எத்தனையோ சாவு விழுது. அங்க போனா?"

"அங்க காகிதத்தோட போய் ஒக்காருவியா?"

அவன் சட்டைப்பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தான். "சூசாதான்லா," என்றான். கஷ்டம் என்பதை மலாயில் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அதிகாரி வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், கோலா பிலா பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் எங்கள் லயத்துக்கு நடந்து வந்தார். சயாமிலிருந்து தப்பி வந்தவர். காலில் பெரிய புண், அதன்மேல் வாழை இலை கட்டியிருந்தார். எங்கள் வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அப்பாவும் அவரும் ஒரே கூடாரம். வயிற்றுப்போக்கு. அப்பா போனது மழைக்காலத்தில். அவரே சேர்ந்து மண் போட்டாராம். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"தல எந்தப் பக்கம் வச்சீங்க?"

"தெக்கதான் வச்சோம், தங்கச்சி."

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் தலைமுடியை அவிழ்த்தாள்.

பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே பலாமரத்தடியில். நான் ஆண்களோடு இருந்தேன். அவனும் வந்தான், சேதி பங்களாவுக்கு எட்டியிருந்தது. பலகையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சட்டைப்பையில் எப்போதும் பென்சில் குத்தியிருக்கும். நான் அதைத்தான் பார்த்தேன். அப்பா செத்த சேதி வந்த அன்றைக்கு, அம்மா மாரடித்து அழும்போது, என் கண் அவன் சட்டைப்பையில் இருந்தது. இவனுக்கு வேண்டியது இதோ எங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, இனி என் பட்டை போயிற்று என்று ஒரு மனம் கணக்குப் போட்டது. சட்டைப்பை காலியாக இருந்தது. பென்சிலை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தான்.

அம்மா பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை.

ரயிலு பாதை போடப்போன ராசாவே - நீங்க
ராத்திரிச் சோறு தின்னலையே

என்று தொடங்கினாள். மற்றவர்கள் இழுத்தார்கள். மரத்தைச் சொன்னாள், பாலைச் சொன்னாள், பெரட்டைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள். பிறகு பிறந்த வீட்டைக் கூப்பிடும் இடம் வந்தது. ஒப்பாரியில் அது உண்டு. புருஷன் செத்தவளுக்கு முதல் சேலையைப் பிறந்த வீட்டார்தான் கொண்டுவந்து போர்த்தவேண்டும். கோடி என்பார்கள். அது இல்லாமல் அவளைச் சபையிலிருந்து எழுப்ப முடியாது. எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் தன் அண்ணன் தம்பியைப் பெயர் சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிடுவாள். அம்மா அந்த இடத்துக்கு வந்ததும் மற்றப் பெண்களின் குரல் சற்றுத் தாழ்ந்தது. அவளுக்கு யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ரொட்டி சொமந்து வரும் எங்கண்ணே - இன்னிக்கு
கோடி சொமந்து வாருமய்யா

நான் தலையை நிமிர்த்தினேன். பக்கத்தில் பலகை காலியாக இருந்தது. அவன் அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி, ரஹாங் போகும் ரோட்டில் திரும்பிவிட்டான்.

அந்தக் காலத்தில் துணி என்பது எங்கே இருந்தது? காரியத்தன்று லயத்தில் நல்ல சேலை கட்டியிருந்தவர் ஒருவரும் இல்லை. கங்காணி மனைவியே ஜன்னல் திரையைத்தான் சுற்றியிருந்தாள். நான் ஒரு வாரம் அலைந்தேன். பசாரில் கேட்டேன், பெரிய வாத்தியாரிடம் கேட்டேன். அவர் தன் படுக்கை விரிப்பைத் தருவதாகச் சொன்னார். கடைசியில் மண்டோரிடம் கெஞ்சினேன். "ஒனக்குக் கெடச்சாலும் நீ போர்த்த முடியாதுடா. நீ அவ மவன். பொறந்த வூட்டாளு இல்ல," என்றார் அவர். அது எனக்குத் தெரியாதா? படத்தில் அதை எழுதிச் சுத்தம் செய்தவனே நான்தான்.

காரியத்தன்று ரொட்டிக்காரர் வந்தார். மகனும் கூட. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய்க்குப் பதிலாக ஒரு பப்பாளி, அதன்மேல் மடித்த வெள்ளைத் துணி. மல் துணி, பழுப்பே இல்லை. லயமே எழுந்து நின்றது. வாசலில் தயங்கியவரைக் கங்காணி, "வாங்க சம்மந்தி, ஒங்க மொறைய நீங்கதான் செய்யணும்," என்று உள்ளே அழைத்தார். அவர் அம்மாவின் தோளில் அதைப் போர்த்திவிட்டு வெளியே வந்து பலாமரத்தடியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு துணி எங்க கெடச்சது?" என்று நான் அவனைக் கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"வூட்ல இருந்துச்சு."

"இந்தக் காலத்துல யாரு வூட்ல தைக்காத வெள்ளத்துணி இருக்கும்?"

"அத்தா தனக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு," என்றான். பிறகு, "மாமிகிட்ட சொல்லாத," என்றான்.

வயதானவர்கள் தங்கள் கடைசிப் பயணத்துக்கு என்று துணி வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் வீடுகளில் உண்டு. நான் திரும்பிப் பார்த்தேன். பலாமரத்தடியில் ரொட்டிக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு, கங்காணியிடம் மரவள்ளி மாவில் ரொட்டி சுட்டால் ஏன் உப்பமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி என்று ஒன்று எனக்குள் எழுந்ததும் உண்மை. அதற்கு முன்னாலேயே, அதை இவர்கள் செய்தார்களே, என்னால் முடியவில்லையே என்பதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பெரிய வாத்தியாரும் காரியத்துக்கு வந்திருந்தார். லயத்தின் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றார். மறுநாள் பங்களாவில் எங்கள் வீட்டுத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"நேற்று துணி கொண்டுவந்தவர் இதில் எங்கே இருக்கிறார்?"

"இல்லை."

"ஏன்?"

"வாய் உறவு. அடித்துவிட்டேன்."

அவர் என்னைக் கோபிக்கவில்லை. பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். "அவரைப் போட்டால் மற்றவர்களையும் போடவேண்டும். போட்டால் படம் பழையபடி ஆகிவிடும். அதிகாரி நாளை மறுநாள் வருகிறார்," என்றார்.

மேசையின் அந்த முனையில் சின்ன வாத்தியார் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் வகை வகையாக, நூல் கட்டி. அவர் பக்கத்தில் அவன். ஒரே ஒரு வகை அவர்களுக்குக் கிடைத்துவிட்டால் முடிந்தது. அந்த ஒன்று அவன் காதில் இருந்தது. ஒருமுறை கேட்டால் அவனுக்கு மறக்காது, அது எனக்குத் தெரியும். எங்கள் படமாவது சுத்தமாக இருந்தால்தான் நான் பிழைப்பேன். என் கைப்பட்டையை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சயாமில் அப்பா கிடந்த மண் நினைவுக்கு வந்தது.

ஆனால் அம்மாவின் தோளில் அந்தத் துணியை நானும் பார்த்திருந்தேன். பென்சிலை எடுத்து அம்மாவிலிருந்து ரொட்டிக்காரருக்கு ஒரு கோடு இழுத்தேன். அவரிலிருந்து கீழே அவனுக்கு இன்னொன்று. இரண்டாவதைச் சற்று மெல்லிசாகத்தான் இழுத்தேன்.

பிறகு இருவருமாக உட்கார்ந்து அடித்ததையெல்லாம் திரும்பப் போட்டோம். கங்காணி மறுபடியும் தங்கையைக் கட்டிக்கொண்டார். அதிகாரி வந்த காலையில் படம், கோழி சீய்த்த முற்றம்போல் இருந்தது.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சின்ன வாத்தியார் கட்டுக்கட்டாகத் தாள்களை வைத்து, பணிவாகக் குனிந்து, ஒரு வகை மட்டும் கிடைக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதைச் சொல்லும்போது அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வாயைத் திறந்து முதல் அடியைச் சொன்னால் போதும். சொல்லவில்லை.

எங்கள் தாள்களைத் தரையில் விரித்தோம். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வந்தது. அதிகாரி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இவ்வளவு கோடு இருந்தால் இவ்வளவு வேலை நடந்திருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். பெரிய வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான் பரீட்சை. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

சின்ன வாத்தியார் அடுத்த லாரியில் போனார். போகும்போது இருவரும் குனிந்தார்கள். இந்தமுறை பெரிய வாத்தியார் நிமிரவே இல்லை, லாரி திரும்பும்வரை.

அவன் பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். நான் படிக்கட்டுவரை கூடவே போனேன்.

"ஏன் சொல்லல?"

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. அம்மா பாடுனத."

"எழுதலாம்னுதான் பாத்தேன். பென்சில் மொனை ஒடைஞ்சிருச்சு, மச்சான்," என்றான்.

பென்சிலே கொண்டுவரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன கேட்பது? உனக்காக என்று அவன் சொல்லியிருந்தால் நான் அந்தப் படியிலேயே அவனை வெறுத்திருப்பேன். அவன் சொல்லாமல் விட்டதால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ரஹாங்கில் தெருத்தெருவாக ஆள் பிடிக்கிறார்கள் என்று சேதி வந்ததும் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளே ரோட்டுக்குப் போய், ரொட்டிக்காரரை வழிமறித்து, "மருமவன என் வூட்ல கொண்டாந்து விடுங்கண்ணே. பட்டை கட்டுன ஆளு இருக்கிற வூட்ட யாரும் தேடமாட்டான்," என்று சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பாய் எதற்கு? என் பாயில்தான் படுத்தான். மண்டோர் ஒருநாள் வாசலில் வந்து, "யாரது உள்ள?" என்று கேட்டார். நான் கைப்பட்டையைத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, "என் மாமன் மவன்," என்றேன். அவனைப் பற்றி நான் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது.

சண்டை முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். லயத்துப் பிள்ளைகள் அவனைச் சுற்றியே கிடந்தன. அம்மா அவனிடம் அப்பாவைப் பற்றிப் பேசுவாள். என்னிடம் பேசமாட்டாள், பேசினால் நான் அழுவேன் என்பாள். பெரிய வாத்தியார் தன் நாட்டுக்குத் திரும்பும்போது படத்தைக் கொண்டுபோக முடியவில்லை, பெட்டியில் இடமில்லை. பங்களாவை மீண்டும் பிடித்த துரையின் ஆட்கள் அதை வைத்து அடுப்பெரித்தார்கள். எங்கள் வீட்டுத் தாளை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் கோடு யார் என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன்.

"இது யாரு?"

"ஒன் அண்ணன்."

"இது?"

"ஒன் மருமவன்."

"ஏன் இவ்வளவு மெலிசா போட்டிருக்க? அழுத்திப் போடு," என்றாள். போட்டேன்.

இப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். ரொட்டிக்காரருக்கு வயதாகிவிட்டதால் அவன்தான் சைக்கிளில் வருகிறான், நல்ல டயர், நிஜமான கோதுமை ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை மணிச்சத்தம் கேட்டதும், புடவையை உதறிக்கொண்டு அம்மா எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுவாள். அவன் ரொட்டியை அறுத்துக் கொடுத்ததும், நன்றாகச் சிவந்த ஓரத்துண்டை அவனுக்கே திருப்பி நீட்டுவாள். எனக்கு நடுத்துண்டு.